கதவோரம்

தார்த்துவில் ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டு.
சமையல் மேசையில்
ரொட்டித் துணுக்குக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவே
உர்மாஸின் பச்சைப் பலகை.

முதல் வாரம் மூச்சே இல்லை.
அடுத்த வாரம் வெறும் உறுமல், ஐம்பது ஹெர்ட்ஸ்.
எர்த் கம்பிகளை ஒரே புள்ளிக்கு இழுத்துக் கட்டினான்,
அடங்கியது.
பிறகு ஒரு பக்கம் மட்டும் கரகரப்பு:
லென்ஸ் வைத்துத் தேடினால்
எள்ளளவு ஈயம்
சிப்பின் காலைத் தொட்டும் தொடாமலும்.
சூடு காட்டினான். பளபளத்து உட்கார்ந்தது.

திரையில் இப்போது அப்பழுக்கில்லாத அலை.
"வா, கேள்" என்றான்.

ஈரக் கையோடு வந்தாள் லேலோ.
அவள் குழு பாடிய பழைய பதிவு.
பூஜ்யமும் ஒன்றுமாய்க் கிடந்த தேவாலயம்
இருமலோடு, நாற்காலி இழுபடும் சத்தத்தோடு
எழுந்து நின்றது.
கண்ணை மூடிக்கொண்டாள்.
மீட்டர் முள்ளைப் பார்ப்பதுபோல்
அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு.
ஆனா அன்னிக்கு நான் ஜன்னலோரம் நின்னேன்.
இதுல கதவோரம் நிக்கிறேனே?"

வரைபடத்தைப் பிரித்தான்.
இடம் எது வலம் எது என்று சொல்லும் கடிகாரக் கோடு
தலைகீழ்.
எந்தக் கருவியும் அதைப் பிழை என்று சொல்லவில்லை.

சாலிடரிங் அயர்னைச் செருகப் போனவனின்
கையைப் பிடித்தாள்.
"இரு. இது முடியட்டும்.
இங்கேயிருந்து நான் பாடிக் கேட்டதில்லை."