கரண்ட் போனால் நல்லது

பொன்னம்மாப்பேட்டையில் எங்கள் சந்து முழுக்கத் தறி.
எங்கள் வீட்டில் நாலு.
ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினாலும்
உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
அப்பாவுக்கு அது தெரியும்.
அம்மாவை அடிக்கிற நாளில்
நாலையும் ஓடவிட்டுத்தான் அடிப்பார்.

கரண்ட் போனால்
சந்து சட்டென்று காதாகிவிடும்.
யார் வீட்டுக் குக்கர், யார் இருமல், எல்லாம் கேட்கும்.
அப்போது அப்பா வேறு ஆள்.
என் கணக்கு நோட்டால் எங்களுக்கு விசிறிவிடுவார்.
யோகித்தின் வேர்க்குருவுக்குப் பவுடர் போடுவார்.
"என்னா வெக்க" என்று
அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்பார்.

ஏற்காட்டு மலையில் கறுக்கிற மேகமே,
இறங்கி வா.
ஒரு மரத்தையாவது ஒயர் மேல் சாய்த்துவிட்டுப் போ.
சேலத்தில் மின்வெட்டுக்கு வேண்டிக்கொண்டவர்கள்
நானும் தம்பியும் மட்டுமாகத்தான் இருப்போம்.

தம்பிக்கு ஆறு வயது.
இன்னும் பாயை நனைக்கிறான்.
ஒருநாள் தெருநாய்க்குட்டியைச் சுவரோரம் ஒதுக்கி
"வாய மூடு, வாய மூடுங்கறேன்" என்றான்,
அப்பாவின் குரலில்.
குட்டிக்கு வாலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நான் அவனை அறைந்தேன்.
அறைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே
பள்ளிக்கூடம் போனேன்.
துடைக்கத் துடைக்க இருந்தது.

ஜூன் மாதம் என் புத்தகங்களுக்கெல்லாம்
அப்பாதான் பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தார்.
ஒரு மூலை மடிப்புகூடப் பிசகாது.
டிசம்பரில் ஓர் இரவு
அதில் ஒரு புத்தகம் அம்மாவின் தலைக்குக் குறி தப்பி
சுவரில் மோதிக் கிழிந்து விழுந்தது.
அட்டைக்கு உள்ளே, பின்பக்கத்தில்,
ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் புத்தகத்திலும் குத்திய
ஊதா முத்திரை.
1098.
ஆறு மாதமாகப் பையில் கூடவே வந்திருக்கிறது.

தட்டுவடை செட் போடும் மல்லேஸ்வரி அக்காவிடம்
போன் கேட்டேன்.
"யாருக்குடி?"
முத்திரையைக் காட்டினேன்.
பீட்ரூட் துருவிச் சிவந்த விரலால்
அவளே எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.
வண்டி லைட்டை அணைத்துவிட்டு
எனக்கும் சந்துக்கும் நடுவில் போய்
முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

மறுமுனையில் ஒரு பெண்.
ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்
"எங்க வீட்ல தறி ஓடுது" என்றேன்.
"சரிப்பா. சொல்லு. கேட்டுட்டுதான் இருக்கேன்."
அத்தனை சத்தத்தில் வளர்ந்தவளிடம்
அப்படிச் சொன்ன முதல் ஆள்
முகம் தெரியாத ஒருத்தி.

அவர்கள் வந்த அன்று
"கால் வழுக்கிடுச்சுங்க" என்றாள் அம்மா.
அடுத்த முறையும் அதே வழுக்கல்.
வந்தவள் மறுத்துப் பேசவில்லை.
தரையில் உட்கார்ந்து ஒரு தார்க்குச்சியை எடுத்து
நூல் சுற்றத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.
சிக்கலைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்தவள்
முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள்.

இப்போது இருக்கும் வீடு எங்கே என்று
யாரிடமும் சொல்லக் கூடாது.
உள்ளே தாழ்ப்பாள் உண்டு.
ஏழு அம்மாக்கள், ஒன்பது பிள்ளைகள்.
அப்பாவின் விரல்கள் சில நேரம் ஞாபகம் வருகின்றன,
அட்டை மடிக்கிற விரல்கள்.
தப்பா என்று கேட்டேன்.
"ஞாபகம் வந்தா வரட்டும்" என்றார் கவுன்சலிங் மேடம்.

முதல் ராத்திரி
போர்வைக்குள்ளிருந்து தம்பி என் கையைத் தேடினான்.
"அக்கா, கரண்ட் போயிடுச்சா?"
"இல்லடா."
"அப்ப ஏன் சத்தமே இல்ல?"
போர்வையை விலக்கிக் காட்டினேன்.
வராந்தாவில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.
மேலே ஃபேன்.
அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு
நெடுநேரம் விழித்திருந்தான்,
எப்போது வேண்டுமானாலும் கரண்ட் வந்துவிடும் என்பதுபோல்.