ஏழு மீட்டர்

ஜுவான்வில் பட்டறையில் நாங்கள் பதினொரு பெண்கள்.
கையில் வெள்ளைப் பருத்தி உறை,
முன்னால் பால்கண்ணாடி விளக்கு.
பசைக்குப் பேரிக்காய் வாசனை.
பிப்ரவரியிலும் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள்:
ஒரு பொறி போதும்,
கதாநாயகிகள் அத்தனை பேரும்
ஒரே மூச்சில் எரிந்துபோவார்கள்.

எனக்கு வந்தது நோட்டரி மனைவியின் படம்.
எடுத்தவர் மதாம் வெர்னேய்.
ஆண்கள் தொப்பி போடுவார்,
எங்களை 'நீங்கள்' என்பார்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
அவன் அடிப்பதில்லை. குடிப்பதில்லை. இன்னொருத்தி இல்லை.
இரவில் சர்க்கரைக் கட்டிகளை எண்ணி
டப்பாவைப் பூட்டிச்
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.
அவ்வளவுதான்.

ஒருநாள் சாவியை மறந்துவிட்டுப் போகிறான்.
அவள் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைக்கிறாள்.
கண்ணை மூடுகிறாள்.
சாப்பாட்டு அறைக்குள் கடல் வருகிறது.
நாற்காலிக் கால்களை நனைத்து,
சுவரிலிருக்கும் மாமனாரின் மீசையை நனைத்து,
அவள் கழுத்துவரை
ஓசையே இல்லாமல்.

முதலாளி மொஸ்யே லபூரி இருமினார்.
"ஒரு பொம்பளை சர்க்கரை சப்ப
பதினான்கு மீட்டரா? ஏழு வெட்டு."
படம் எடுத்தவரிடம் சொல்லவில்லை.
கத்தரி என்னிடம் இருந்ததால் என்னிடம் சொன்னார்.

ஏழு மீட்டர் என்றால்
முந்நூற்று அறுபத்துநாலு கட்டம்.
இருபத்திரண்டு நொடி, கொஞ்சம் கூட.
பேரேட்டில் 'ஏழு' என்று எழுதியிருந்தால் சரி.
எந்த ஏழு என்று பேரேடு கேட்பதில்லை.

நோட்டரி மாடிப்படி ஏறும் இடத்தைக் கத்தரித்தேன்.
பிளேடால் சுரண்டி, பசை தடவி,
கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ணினேன்.
இப்போது அவன் தெருவில் நிற்கிறான்,
மறுகணம் அறைவாசலில், தொப்பியோடு.
கடல் முழுசாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நோழானில் படம் போட்டார்கள்.
ஃபிர்மன் டிராம் பிரேக் சோதிக்கிறவன்,
எதிலும் பழுதுதான் முதலில் அவன் கண்ணில் படும்.
பியானோக்காரருக்குப் படி போனது தெரியாது;
நோட்டரி உள்ளே வந்து நின்ற பிறகும்
அவன் காலடிகளை அவர் தட்டிக்கொண்டேயிருந்தார்.
அரங்கமே சிரித்தது.
"வேலை தெரியாத எவனோ ஒட்டியிருக்கிறான்"
என்றான் ஃபிர்மன்.
ஆமாம் என்றேன்.

கடல் வந்தபோது
எங்களுக்கு முன்வரிசையில் ஒருத்தி,
மீன்கடையிலிருந்து நேராக வந்தவள்போல,
காலிரண்டையும் தூக்கி
பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.
யாரும் அவளைப் பார்க்கவில்லை.
நான் அவளை மட்டும்தான் பார்த்தேன்.

பட்டறையில் வெட்டிய துண்டுகளை வீசுவதில்லை.
காய்ச்சி வெள்ளி எடுப்பார்கள்.
அந்த மாடிப்படிகள் இந்நேரம்
யார் வீட்டுச் சர்க்கரைக் கிண்ணத்திலோ
கரண்டியாகக் கிடக்கலாம்.

எங்கள் வீட்டுக்குப் பதினேழு படி.
ஃபிர்மன் முன்னால் ஏறினான்,
ஒவ்வொரு படியிலும் நின்று,
அந்தக் கடல் எப்படி ஏமாற்று வேலை
என்று விளக்கிக்கொண்டு.
விளக்கை அவன்தான் பிடித்திருந்தான்.
ஆறு. ஏழு.
எட்டாவதில் திரும்பி,
கேட்கிறாயா என்றான்.