பின்னங்கால், இடது

காலையில் அவிழ்த்து விட்டபோது
நாலு காலிலும் துள்ளிய சவம்
அந்தியில் மூன்றில் வந்து நின்றது.

ஓடிப்போய்த் தூக்கவில்லை நான்.
தூக்கினால் எந்தக் குட்டியும் கத்தத்தான் செய்யும்,
நடக்க விட்டால்தான் நோவு தெரியும்.
பீடிச் சுளகை மடியிலிருந்து இறக்காமல் பார்த்தேன்:
முன்னங்கால் இரண்டும் சரி.
இடுப்பு மட்டும் ஒருபக்கம் ஏறி ஏறி இறங்க
இடது பின்னங்கால் மண்ணைத் தொட்டு
சூடுபட்டதுபோல் மேலே போனது.
அந்த நொண்டலோடு தாய்மடியை முட்டிக் குடித்தது.
பால் குடிக்கிற குட்டி சாகாது
என்று சொல்லிக்கொண்டேன்.
யாரும் எனக்குச் சொன்னதில்லை அது.

அதற்குள் முக்கூடலில் எங்கள் தெரு முழுக்க வைத்தியராகிவிட்டது.
'உடைமுள்ளுதான்' என்றாள் செல்லக்கனி, கத்தரியை நிறுத்தாமல்.
'பூரானா இருக்கும்.'
'கண்ணு பட்டிருக்கும்ட்டி, உப்பு சுத்திப் போடு.'
பைக்கை அணைக்காமலே ஞானதுரை சொன்னான்:
'செவ்வாக்கெழம சந்தைக்கு ஏத்திரு.
கறிக்கு எத்தன காலுன்னு எவன் கேக்கான்.'
நான் பொன்மலர் வீட்டு நாயை
ஒரு பாட்டம் திட்டி முடித்திருந்தேன்.

பிறகுதான் குட்டியைத் தொடைநடுவே இடுக்கினேன்.
முதலில் நோகாத காலைத் தடவினேன்,
நல்ல கால் எப்படியிருக்கும் என்று
கை அறிந்துகொள்ள.
அப்புறம் இடது. இடுப்பெலும்பிலிருந்து பைய இறங்கி
தொடை, முட்டி, அதற்கும் கீழே.
எலும்பு விலகவில்லை.
அழுத்தினால் நொறநொறக்கிற வீக்கமும் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் குளம்பைப் பிளந்து
முள்வாங்கியால் மண்ணைத் தோண்டினேன்.
முள் இல்லை. சீழ் இல்லை.
மோந்து பார்த்தேன்:
புழுக்கை, ஈரமண், கொஞ்சம் புகையிலை.
புகையிலை என் விரலுடையது.

ஆனால் குளம்பு சில்லென்றிருந்தது.
நாலு விரற்கடை மேலே கொதித்தது.
ஒரே காலில் மார்கழியும் சித்திரையும்.

அங்கே மயிரை நகத்தால் கோதினேன்.
குட்டி கத்தவில்லை. மூச்சை நிறுத்தியது.
கறுப்பு மயிருக்குள்
தோலில் பாதி புதைந்து
சுற்றிலும் ஒரு கோடு.
ரோஸ் நிறம்.

எந்தக் கம்பெனி நூல் என்று எனக்குத் தெரியும்.
நாளைக்கு எண்ணூறு பீடியின் இடுப்பில் நான் சுற்றுவது.
சுளகை உதறி, அறுந்த துண்டுகளை
முற்றத்தில் ஊதிவிடுவதும் நான்தான்.

இலை வெட்டுகிற கத்தரிக்கு நுனி பெரிது.
ஊசியால் நூலைத் தூக்கி
பிளேடின் வாயை என் பக்கம் திருப்பி அறுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்று
தோலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
வெந்நீரில் உப்புக் கரைத்து ஊறவைத்தேன்.
அது விட்டபோதுதான்
குட்டி அலறியது, தெருவே எட்டிப்பார்க்க.
ரத்தம் திரும்பி வருவதும் நோவுதான் போலிருக்கிறது.
'என்னட்டி, முள்ளா?' என்றாள் செல்லக்கனி.
'ஆமா' என்றேன்.

விடிந்ததும் துண்டில் பொதிந்து
கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போனேன்.
டாக்டரம்மா ஒரு ஊசி போட்டு, ஊதா மருந்தை அடித்தாள்.
'துணி சுத்தவா?'
'கட்டாதீங்க. கட்டுனதுதான வெனையே.
ஈ மொய்க்காம சுத்தி வேப்பெண்ணெ தடவுங்க.
குளம்பு சூடு வருதான்னு மட்டும் பாருங்க.'

அன்றைக்கு இருநூறு பீடி குறைந்தது.
கடையில் ஏனென்று கேட்டார்கள்.
காய்ச்சல் என்றேன்.

நாலாம் நாள் குளம்பைக் கன்னத்தில் வைத்தேன்.
வெதுவெதுப்பு மாதிரி இருந்தது.
என் கன்னத்தின் சூடோ என்னவோ.
ஊன்றுகிறதா என்றால், நுனியை மட்டும்,
கடன் கேட்கப் போகிறவள் படியேறுவதுபோல.
நாயைத் திட்டியதைப் பற்றி
பொன்மலரிடம் இன்னும் பேசவில்லை.

இதை யோசித்துக்கொண்டே சுற்றுகையில்
தாயாடு வந்து சுளகில் வாய் வைத்து
ஒரு பீடியிலையை உருவிப் போனது.
போகட்டும், இலைதானே.
இலைக்குப் பின்னால்
காற்றில் நெளிந்து நெளிந்து போகிறது
ஒரு சாண் ரோஸ்.

சுளகை அப்படியே போட்டுவிட்டு
ஓடினேன்.