இருபத்தெட்டாம் நாள்

அத்திப்பட்டு கான்கிரீட் ஆலையில்
என் வேலை உடைப்பது.
பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரம்,
எட்டு கிலோ, சில நேரம் எட்டேகால்.
ஏழாம் நாள் மூன்று,
இருபத்தெட்டாம் நாள் மூன்று.
இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து
நெம்புகோலைத் தள்ளுவேன்.
முள் ஏறும், ஏறும், தயங்கும்.
டப்.
தயங்கிய இடத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
அந்தக் கையெழுத்தின் மேல்
யாரோ நாலு மாடி எழுப்புவார்கள்.

ஒரு ஆனி மாதம்
சிமெண்டில் கையை இறுக்கிக்கொண்டு
அனல்மின் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டார்கள்.
ஐந்நூற்று அறுபது வரவேண்டிய முள்
முந்நூற்றுப் பதினைந்தில் நின்றது.
சிவப்பு மையில் கோடு.
மீஞ்சூரில் ஊற்றிய தளத்தை
இடித்து அள்ளச் சொல்லி உத்தரவு.
சூப்பர்வைசர் தணிகாசலம்
மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

உடைக்காமல் ஒன்று மிஞ்சியது.
"போட்டுக்குக் கல்லு வேணும், குடேன்"
என்று தூக்கிப்போனார் என் வீட்டுக்காரர் தேசப்பன்.
குறுக்கும் நெடுக்கும் கயிறு சுற்றி
கொசஸ்தலை கடலைத் தொடும் இடத்தில்
இறக்கினார்.

அப்புறம் எப்போதோ
தரமணியில் இரண்டு நாள் பயிற்சி.
சாப்பாட்டுக்குப் பின், ஏசியில் பாதிப்பேர் உறங்க,
திரையில் ஒரு பழைய துறைமுகம்.
யவனர் கட்டியது.
எரிமலைச் சாம்பல், சுண்ணாம்பு, உடைகல்.
மரப்பெட்டி செய்து
கடலுக்குள்ளேயே திணித்திருக்கிறார்கள்.
கம்பி கிடையாது, துருப்பிடிக்க ஒன்றுமில்லை.
உப்புநீர் புகுந்த இடமெல்லாம்
ஊசி ஊசியாய்ப் படிகம் முளைத்து
இரண்டாயிரம் ஆண்டாக இறுகிக்கொண்டே இருக்கிறதாம்.
சேரநாட்டு மிளகு மூட்டை இறங்கிய துறை
என்றார் வகுப்பெடுத்தவர்.
எனக்கு மிளகு ஓடவில்லை.
ஏழாம் நாள் அங்கே முள்ளைப் பார்த்தது யார்?
இருபத்தெட்டாம் நாள்
யார் சிவப்பு மையோடு நின்றது?

சாம்பலைப் புகழ வரவில்லை நான்.
எங்கள் மாடியில் காயும் துணியில் அதுதான்.
குழாய் உடைந்த வருஷம்
இடுப்பளவு இருந்த ஆறு கணுக்காலுக்கு வந்தது,
இறால் செத்து மிதந்தது,
தேசப்பன் போட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.
மனுஷருக்கு ஆகாதது கல்லுக்கு ஆகிறது.
அவ்வளவுதான்.

ஒன்பதாம் வருஷம் கயிறு இற்றுப்போக
கல் வீட்டுக்கு வந்தது,
நாலு பக்கமும் சிப்பி அப்பி,
மீன்கழுவிய வாடையோடு.
ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட். ஆலையில் ஆளில்லை.
சோற்றுப்பையில் வைத்துக் கொண்டுபோனேன்.
உளியால் சிப்பியைச் சுரண்டி
இரண்டு முகம் தட்டையாக்கி
தகட்டுக்கு நடுவே வைத்தேன்.

முந்நூற்றுப் பதினைந்தில் மூச்சைப் பிடித்தேன்.
கடந்தது.
ஐந்நூற்று அறுபது. கடந்தது.
அறுநூறு, அறுநூற்று எண்பது...
தள்ளும் கை நடுங்கியது, முள் நடுங்கவில்லை.
எழுநூற்றுப் பதினைந்து.
டப்.

உடைந்த முகம் இன்னும் ஈரம்.
நாக்கை வைத்துப் பார்த்தேன்: உப்பு.

பதிவேட்டில் அச்சிட்ட கட்டம் இரண்டே.
ஏழு. இருபத்தெட்டு.
மூவாயிரத்துச் சொச்சம் நாளை எங்கே எழுத?
மீஞ்சூரில் இடித்து அள்ளிய தளம்
எந்தப் பள்ளத்தை நிரப்பியதோ.

வீட்டில் சொன்னேன்.
"ஒட்ச்சிட்டியா?" என்றார் தேசப்பன்,
"போட்ட இன்னாத்துல கட்றது இப்போ?"

சிவப்புக் கோடு விழுந்தது இன்னொன்று கிடைக்குமா என்று
தொட்டித் தண்ணீருக்குள் தடவுகிறேன்.
இந்த வாரம் பார்த்து
எல்லாமே தேறிவிட்டன.