பதினான்காவது

பெல்லிங்தோர்ப் பதிவேட்டில் தெருவிளக்குகள் பதின்மூன்று.
நான் எண்ணினால் பதினான்கு வருகிறது.
தேவாலயப் பக்கமிருந்து திரும்ப எண்ணினேன்,
செருப்பெல்லாம் சேறு.
பதினான்கேதான்.

பதின்மூன்றும் விசித்திரப் பிறவிகள்:
தந்திக் கம்பத்தில் ஆணியடித்த இரும்புக் கை,
கை நுனியில் கவிழ்த்த சூப்புத் தட்டு போல எனாமல் மூடி,
ஒன்றுக்குள் குருவிக் கூடு, ஒன்றுக்குள் டென்னிஸ் பந்து.
எல்லாவற்றுக்கும் தேதி குறித்துவிட்டேன்.
வெள்ளை எல்.இ.டி. வருகிறது.

கடைசி ஒன்று கான்கிரீட்.
குளத்துக்குக் குனிந்த வாத்தின் கழுத்து.
எண் தகடு இல்லை. மாவட்ட முத்திரை இல்லை.
யார் நட்டது, மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள்
என்று கேட்டால்
மதுக்கூடத்தில் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

செப்டம்பர் கடைசி, ஏழு மணி.
அது தானாகவே பற்றியது.
முதலில் ஈறு நிறத்தில் ஒரு கீற்று,
இருமல் போல் ஒரு நடுக்கம்,
ஏழு நிமிடம் கழித்து
மஞ்சள். மஞ்சளைத் தவிர வேறொன்றுமில்லை.
என் சிவப்பு வேன் களிமண் ஆனது.
பேருந்துக்கு நின்ற திருமதி மாட்டின் நீலக் கோட்டும்
கையிலிருந்த ஊதாப் பூங்கொத்தும்
ஒரே ஈரச் சாம்பல்.
சாயம் வெளுப்பது என்பார்களே,
அதற்கென்றே ஓர் இடம் இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

கம்பத்தடியில் ஒரு மேசை, தக்காளிக் கூடை,
காசு போட பிஸ்கட் டப்பா.
மேசையை மடிக்க வந்தவர் வாரன் டில்லட்,
பால் லாரி ஓட்டுபவர்.
"ரயில் ஓட்டத்தான் போனேன், பத்தொன்பது வயதில்.
புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை நீட்டினார்கள்.
எனக்குப் புள்ளிகள் நன்றாகவே தெரிந்தன."

இரண்டு தக்காளியை விளக்குக்கு நேரே பிடித்தார்.
"எது பழம்?"
நான் பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
என்னைவிடப் பொறுமையாகக் காத்திருந்தார்,
முப்பது வருடமாக
இப்படி ஒருவருக்காகவே நின்றவர் போல.

"அமுக்கிப் பார்க்க வேண்டும்" என்றார்.

எனக்கு ரோஷம்.
கையுறையைக் கழற்றாமலே ஆறு பொறுக்கி
டப்பாவில் ஒரு பவுண்டு போட்டேன்.

வேனுக்குள் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.
உரிமையாளர்: கோடு.
வயது: கோடு.
அகற்ற வேண்டிய நாள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'எண்ணிக்கையில் ஐயம். அடுத்த இலையுதிர் காலத்தில்
மறு ஆய்வு' என்று எழுதினேன்.
அடுத்த இலையுதிர் காலத்திலும்
என்னைத்தான் அனுப்புவார்கள்.

வீட்டுச் சமையலறையில் பையைக் கவிழ்த்தேன்.
ஆறில் நான்கு பச்சை.
கல் மாதிரி.
பார்த்து வாங்கக் கூடாதா என்கிறாள் பிலிப்பா.

பார்த்துத்தான் வாங்கினேன்.