கையுறையோடு

கார் பேட்டரி மாற்றியது போக
உறையில் மிச்சம் முப்பத்தெட்டு டாலர்.
விஸ்கான்சினில், வாசா நகரத்தில், ஜனவரி.
அதற்குள் ஒரு கத்தி வேண்டும்.

உறைகிடங்கில் எனக்கு இரவு வேலை.
பட்டாணிப் பெட்டிகளை ஆளுயரம் அடுக்கி
பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள்.
கம்பெனி கொடுத்த மஞ்சள் வெட்டி
பனி புகுந்து வாயடைத்துப் போகிறது.
சரியும் பெட்டியை இடக்கை தாங்கியிருக்கும்.
மிச்சம் ஒரு கை.
ஒரு கையால் திறக்க வேண்டும்.
ஒரு கையால் மூடவும் வேண்டும்;
இந்த இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை.

மீன்தூண்டில் விற்கும் கடையில் டெல்மர் க்ரூகர்
பச்சைத் துணி விரித்து மடக்குக்கத்திகளை எடுத்து வைத்தார்.
கருப்பாய் ஒன்று. கையிலெடுத்தேன்.
எடையே தெரியவில்லை, விலை தெரிந்தது:
நூற்று நாற்பது.
என் ரேகையைத் துடைத்துத் திருப்பி வைத்தேன்.

"இதெல்லாம் வில் வைத்தது, லோர்னா.
கொஞ்ச தூரம் நீ தள்ளு,
மீதியை அதுவே ஓடி முடிக்கும்."
இப்படிச் சொல்லித்தான்
ரேயும் என்னைக் கல்யாணம் செய்துகொண்டான்.

பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினேன்.
டெல்மர் சிரித்தார். கடைக்குள் அடுப்பு எரிகிறதாம்.
கிடங்கில் எரியாது என்றேன்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது சரிதான்,
என் விரலோ தடித்த உறைக்குள்
ஏற்கெனவே வீங்கியிருக்கிறது.

கட்டைவிரலால் தள்ளும் குமிழ் உள்ளவை
வழுக்கி வழுக்கி நின்றன.
முதுகில் சின்னத் துடுப்பு நீட்டிய ஒன்று மட்டும்
ஆள்காட்டி விரல் பட்டதும் டக்கென்று பாய்ந்தது.
இருபத்தேழுதான். அதுவே போதும் என்று
மூடப் போனால், பூட்டுத் தகடு நூல் அகலம்.
அலகு கையுறை நுனியைக் கவ்வியது.
வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது.
விரல் இருக்கிறதா என்று இருவரும் எண்ணினோம்.

கடைசியில் வாங்கியது முப்பத்தொன்று.
அகலத் தகடு, அசிங்கமான பழுப்புக் கைப்பிடி.
எஃகு சுமார்தான், அடிக்கடி தீட்ட வேண்டும் என்றார்.
தீட்டுகிறேன். காசு கொடுக்காமல் கிடைப்பது
எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.
வரி போக மீந்ததில்
பஞ்சை உள்ளே தள்ளி ஒட்ட ஒரு டேப் சுருள்.

முதல் இரவு. மூன்றாவது அடுக்கு.
துடுப்பை அழுத்தினேன்.
அலகு பாதி வழி வந்து
யோசிப்பதுபோல் நின்றுவிட்டது.
ரேயேதான்.

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு பா ஹுவா வாங் இறங்கி வந்தாள்.
மூட்டை முகர்ந்து பார்த்தாள்.
"வில் நல்லாத்தான் இருக்கு.
உள்ளே தடவின கிரீஸ் குளிருக்குக் கட்டிப் போச்சு."
இடைவேளை அறையில்,
முதலுதவிப் பெட்டியின் ஸ்பிரிட்டை ஊற்றிக் கழுவினாள்.
தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு விட்டாள்,
அதைக் கைப்பையில் எதற்கு வைத்திருக்கிறாள் என்று
நான் கேட்கவில்லை.

கழுவிப் பார்க்க வேண்டும் என்று
ரே விஷயத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.
தோன்றியிருந்தாலும் நேரம் ஏது.

திரும்ப உள்ளே. கதவு சாத்திக்கொண்டது.
இடக்கை பெட்டிமேல்.
டக்.
பிளாஸ்டிக் மேலிருந்து கீழே பிளந்து
பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது.
தகட்டைத் தள்ளி, தொடையில் அலகின் முதுகை அழுத்தி
மூடினேன், ஒரே கையால்.

இன்னும் நாற்பத்தொரு அடுக்கு.
டேப் ஒட்டிய விரல் மட்டும்
மற்றதைவிடச் சூடாக இருக்கிறது.