மூன்றாம் மாடிக்கு வந்தவர்கள்

கிரிம்ஸ்பியில் இருந்து வந்தார்கள்.
ஒரு வான், இரண்டு பிள்ளைகள்,
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நில ஆமை.
அழைப்பு மணியில் எங்கள் பெயருக்கு மேலே
'பெக்வித்' என்று ஒட்டினார்கள், சற்றுச் சரிவாக.
லாங்கென்தாலின் இந்தக் கட்டிடம்
இரண்டு நாள் அதையே கதைத்தது.

ஹேசல் முதலில் கேட்டது சலவையறைத் திறப்பு.
ஏன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும்?
என் ஆங்கிலம் சாவகச்சேரிப் பள்ளியோடு நின்றது.
அவளுடைய ஜெர்மன் இன்னும் வந்து சேரவில்லை.
மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொண்டன.

நகரசபைக் கந்தோருக்குத் துணையாகப் போனேன்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்தவள் என்னைக் கேட்டாள்:
"எந்த நாடு? எப்போது வந்தீர்கள்?"
"நான் இல்லை, இவ."
ஹேசலின் காது சிவந்தது.
எனக்கு, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் இனித்தது.

மூன்று கிழமையில் அவர்களுக்கு பி அட்டை.
எனக்கு என், பிறகு எஃப், பிறகு பி, பிறகு சி என்று
எழுத்து வரிசையே குழம்பிப் பதினேழு வருடம்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள், மூத்தவள் வகுப்பில்
பதினொரு நாளாய் வாய் திறக்கவில்லை என்றாள்.
"என்ரை மகன் நாற்பது நாள்" என்றேன்.
தேத்தண்ணீர் ஆறிப்போனது.

ஒரு திங்கட்கிழமை கடிதத்தோடு இறங்கி வந்தாள்.
முதல்நாள் வெறும் போத்தல்களைத்
தொட்டியில் போட்டிருக்கிறாள். ஞாயிறு.
கீழ்வீட்டு ஏஷ்லிமான் எழுதியிருந்தார்,
நான்கு வரி, மூன்று ஆச்சரியக்குறி.
'இது உங்கள் நாடு அல்ல' என்பது கடைசி.
நான் வாசித்துச் சொன்னேன்:
"ஞாயிறு ஓய்வு நாளாம், அடுத்தமுறை பார்க்கட்டாம்.
நல்வரவும் சொல்லியிருக்கிறார்."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

குசினி லாச்சிக்குள் அதை மடித்து வைத்தேன்.
அங்கே தொண்ணூற்றெட்டில் வந்த ஒன்று கிடக்கிறது,
அதே கையெழுத்து.
அகராதியை விரித்து
ஒவ்வொரு சொல்லாய் நானே திறந்தது.

மறுநாள் ஹேசல்
எலுமிச்சைக் கேக்கோடு ஏஷ்லிமானிடம் போனாள்,
நல்வரவுக்கு நன்றி சொல்ல.
மனிதர் என்ன செய்வார், வாங்கிக்கொண்டார்.
தட்டைக் கழுவி, துடைத்து, திருப்பித் தந்தாராம்.

இலை கொட்டும் மாதத்தில் ஒருநாள்
விருந்தாளி வரும் அவசரத்தில்
வக்கூம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
கதவில் தட்டு.
ஹேசல். உதட்டில் விரல்.
"இன்று ஞாயிறு" என்றாள்,
எனக்கு இன்னும் நாக்கில் படியாத பெர்ன் ஜெர்மனில்.

நிறுத்தினேன்.
தலைக்கு மேலே
ஆமை நடப்பதும் கேட்கும் போலிருந்தது.